டுசெல்டார்ஃப் ப்ரூபப்: கண்காட்சிக்கு வரும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியின் பெரிய வணிகக் கண்காட்சிகள் பலவும் நான் வசிக்கும் டுசெல்டார்ஃபில்தான் நடக்கின்றன. அச்சுத் தொழிலுக்கு ட்ரூபா, பிளாஸ்டிக்குக்கு கே, மருத்துவக் கருவிகளுக்கு நவம்பர்தோறும் மெடிக்கா. சிவகாசி, கோவை, சென்னையிலிருந்து வருகிறவர்கள் பகல் முழுக்க அரங்கு அரங்காக நடந்து கால் வலியோடு வெளியே வருவார்கள். அப்புறம் ஒரு போன் வரும்: "இங்க பீர் அவங்களே காய்ச்சி விக்கிற கடை இருக்காமே, போகலாமா?"

போகலாம், கட்டாயம் போக வேண்டும். இந்த ஊரை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதிய பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

ப்ரூபப்னா என்ன சார்? சாதாரண பாருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பீரைக் காய்ச்சுகிற கட்டடத்திலேயே அதை ஊற்றியும் கொடுக்கும் கடை. ஜெர்மன்காரர்கள் ஹவுஸ்பிரவரை என்பார்கள். முன்பக்கம் மேஜை, நாற்காலி, சமையல். பின்பக்கமோ மாடியிலோ செப்புக் கொப்பரைகள். காய்ச்சும் நாளில் போனால் தெருமுனையிலேயே வாசனை பிடிபடும். வேகிற கேழ்வரகுக் களியும் வறுத்த தானியமும் கலந்த மாதிரி இருக்கும்.

மற்ற பாரில் எங்கோ ஆலையில் தயாரான பீர் வரும். இங்கே பீர் வந்து சேரும் தூரம் சில அடிதான். நம்மூரில் மரத்தடியில் நின்று குடித்த கள்ளுக்கும் டவுனுக்கு வந்து சேர்ந்த கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாலஞ்சு கடை இருக்காம். எதுக்குப் போகணும்?

ஆல்ட்ஸ்டாட் என்கிற பழைய நகருக்குள் நான்கு கடைகள். பெர்கர் தெருவில் ஊரிகெ, ராட்டிங்கர் தெருவில் ஃபுக்ஷென், போல்கர் தெருவில் ஷ்லுஸெல், குர்ட்ஸ தெருவில் குர்ட்சர். ஐந்தாவதான ஷூமாகரின் காய்ச்சும் இடம் பழைய நகருக்கு வெளியே, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓஸ்ட் தெருவில் இருக்கிறது. வயதில் மூத்தது ஷூமாகர், 1838-ல் தொடங்கியது. ஃபுக்ஷென் 1848, ஷ்லுஸெல் 1850, ஊரிகெ 1862. குர்ட்சர் 2010-ல்தான் வந்தது, இளைஞர் கூட்டம் அதிகம்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் ஊரிகெ போங்கள் என்பேன். அங்கே பீர் மற்றவற்றைவிடக் கசப்பு. முதல் கிளாஸில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பாகற்காய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கசப்பு வேண்டாம், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்றால் ஷூமாகரோ ஃபுக்ஷெனோ நல்லது. ஷ்லுஸெலுக்குப் போகிறவர்கள் அதே போல்கர் தெருவில் 53-ம் எண் வீட்டையும் பார்த்துவிடுங்கள். கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன 1797-ல் பிறந்த இடம் அது.

கண்காட்சி அரங்கிலிருந்து எப்படிப் போறது? எத்தனை மணிக்குப் போனா நல்லது?

யூ 78 ரயிலில் ஏறி ஹைன்ரிஷ் ஹைன ஆலே நிறுத்தத்தில் இறங்குங்கள். வெளியே வந்தால் பழைய நகர்.

நேரம்தான் முக்கியம். வார நாளில் சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 மணி வரை பொன்னான நேரம். வேலை முடிந்து வருகிற உள்ளூர்க்காரர்கள், செய்தித்தாளோடு ஒரு பெரியவர், கடைப் பையோடு இரண்டு பாட்டிகள் என்று இடம் அமைதியாக இருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டக் குழுக்கள் வந்து தெருவே இரைச்சலாகிவிடும். மெடிக்காவுக்கு வருகிறவர்கள் நவம்பர் 11-ம் தேதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கார்னிவல் பருவம் தொடங்கும். உள்ளே நுழையவே முடியாது.

ஆல்ட் பீர்னா பழைய பீர்னு அர்த்தம் சொல்றாங்க. கெட்டுப்போனதா?

இல்லை. 'ஆல்ட்' என்றால் பழைய என்றுதான் பொருள், ஆனால் இங்கே பழையது பீர் இல்லை, செய்முறை. குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன்னால் ரைன் நதிக்கரையில் மிதமான சூட்டில் புளிக்கும் ஈஸ்ட்டை வைத்துத்தான் பீர் காய்ச்சினார்கள். புளிக்கும்போது அந்த ஈஸ்ட் மேலே நுரைத்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிரில் புளிக்கும் வெளிர் பீர் ஜெர்மனி முழுக்கப் பரவியது. இந்த ஊர்க்காரர்கள் பழைய முறையை விடவில்லை. அதனால் அந்தப் பெயர்.

நிறம் செம்புப் பழுப்பு, டிகாக்ஷனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது போல. வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) வாசம், பின்னால் ஹாப்ஸ் என்கிற கொடிப் பூவின் கசப்பு. ஆல்கஹால் 4.5 முதல் 5 சதவீதம். புளித்த பிறகு சில வாரங்கள் குளிரில் வைத்திருந்து தெளிய விடுவார்கள். ஆகவே நாக்கில் கனமாக நிற்காது.

உள்ளே போனதும் யார்கிட்ட கேட்கணும்? எங்க உட்காரணும்?

யாரும் வாசலில் நின்று அழைத்துப்போய் உட்கார வைக்க மாட்டார்கள். காலியாக இருக்கும் இடத்தில் நீங்களே உட்காரலாம். நீளமான மேஜையில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அவர்களிடம் "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" என்று கேளுங்கள். இங்கே இடம் இருக்கிறதா என்று அர்த்தம். தலையசைத்தால் உட்காருங்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்காருவது இங்கே இயல்பு. கல்யாணப் பந்தி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சில மேஜைகளில் 'ஷ்டாம்டிஷ்' என்று எழுதிய பித்தளைத் தகடோ பலகையோ இருக்கும். வாரம் தவறாமல் வருகிற வாடிக்கையாளர்களின் இடம் அது. காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள்.

உட்கார இடம் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். ஊரிகெயில் பாதிப் பேர் வெளியே உயரமான மேஜைகளைச் சுற்றி நின்றுதான் குடிப்பார்கள். டிசம்பர் குளிரிலும் நிற்பார்கள்.

நான் கேட்கவே இல்ல, அடுத்த கிளாஸ் வெச்சிட்டுப் போறாரு. இது என்ன பழக்கம்?

நான் முதலில் சொல்லிவைத்திருக்க வேண்டிய விஷயம் இது. இங்கே பரிமாறுபவருக்குப் பெயர் கோபெஸ். வட்டத் தட்டில் நிரப்பிய கிளாஸ்களோடு சுற்றிக்கொண்டே இருப்பார். உங்கள் கிளாஸ் காலியாக இருந்தால் புதியதை வைப்பார், காலியை எடுப்பார், கிளாஸுக்கு அடியில் இருக்கும் வட்ட அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். எதுவும் கேட்க மாட்டார். வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை வேண்டும் என்றுதான் பொருள்.

வேண்டாம் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடி வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்கிறோமே, அதே மாதிரி. பேச்சே தேவையில்லை. தட்டோடு வருகிற கோபெஸ் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார். கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் உடனே வைக்க மாட்டார், ஆனால் அட்டைதான் உறுதி.

ஒரு முறை கோவையிலிருந்து வந்த நண்பரோடு போயிருந்தேன். வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்து அவர் வந்த கிளாஸையெல்லாம் முடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த மேஜையில் தெரிந்தவரிடம் பேசிவிட்டு நான் திரும்பியபோது அவருடைய அட்டையில் நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடும் இருந்தன. "இவங்க விட மாட்டேங்கிறாங்க தம்பி" என்றார், முகம் வியர்த்திருந்தது. அட்டை விஷயத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லாதது என் தவறு. அதற்குப் பிறகு யாரை அழைத்துப்போனாலும் உட்கார்ந்ததும் முதலில் அந்த அட்டையைக் கையில் எடுத்துக் காட்டிவிடுகிறேன்.

அட்டையைத் தொலைச்சிட்டா?

தொலைக்காதீர்கள். அதுதான் உங்கள் பில். கிழிக்கக் கூடாது, குறிப்பு எழுதக் கூடாது, ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. காசு கொடுத்து முடித்த பிறகு கேட்டால் கோடு போடாத புது அட்டை ஒன்றைத் தருவார்கள்.

கோபெஸ் கோபமா பேசினாரு. நம்ம நிறத்தைப் பார்த்து அப்படிப் பேசறாங்களா?

இந்தக் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. வெளிநாட்டில் நமக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் கோபெஸ் யாராக இருந்தாலும் வெடுக்கென்றுதான் பேசுவார். அது இந்தத் தொழிலின் மரபு. நகர மேயர் வந்து தண்ணீர் கேட்டாலும் "குளிக்கவா?" என்கிற மாதிரி ஒரு பதில் வரும். நீங்களும் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் அவருக்கு உங்களைப் பிடித்துவிடும். ஊரிகெ என்ற பெயரே அப்படி வந்ததுதான். கடையைத் தொடங்கியவர் சிடுமூஞ்சி, உள்ளூர் வழக்கில் 'ஊரிக்' என்றால் சிடுசிடுப்பு. ஆளுக்கு வைத்த பட்டப்பெயர் கடைக்கு நிலைத்துவிட்டது.

எல்லோரிடமும் ஒரே மாதிரி வெடுக்கா, உங்களிடம் மட்டும் வேறு மாதிரியா என்பது பக்கத்து மேஜையை ஐந்து நிமிடம் கவனித்தால் தெரிந்துவிடும். உங்களிடம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காசைக் கொடுத்துவிட்டு எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள். இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒரே ஒரு முறை, ஒரு கடையில் நடந்தது. அந்தப் பக்கம் நான் பிறகு போகவில்லை.

கிளாஸ் இவ்வளவு சின்னதா இருக்கே? அதுலயும் நுரையா இருக்கு. ஏமாத்துறாங்களா?

கிளாஸ் 250 மில்லி. காரணம் இருக்கிறது. ஆல்ட் பீர் மரப் பீப்பாயிலிருந்து தன் எடையாலேயே இறங்கி வருகிறது, வாயுவை ஏற்றி அழுத்துவதில்லை. பீப்பாய் காலியானதும் புதியதை மேடைமேல் தூக்கி வைத்து, பித்தளைக் குழாயை வாயில் பொருத்தி, சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பாருங்கள், அடுத்த கிளாஸ் ஆகப் புதியது. இப்படி ஊற்றிய பீர் கிளாஸில் அரை மணி நேரம் நின்றால் சப்பென்று ஆகிவிடும். சின்னக் கிளாஸில் குளிர்ச்சி போவதற்குள் குடித்துவிடலாம். நம் வீட்டில் காபியை லிட்டர் கணக்கில் ஊற்றிவைப்பதில்லையே.

நுரை இருக்கத்தான் வேண்டும். ஆனால் கிளாஸின் மேல்பக்கம் 0.25 என்று ஒரு கோடு பொறித்திருக்கும். ஜெர்மன் சட்டப்படி அது கட்டாயம். நுரை அடங்கிய பிறகு பீர் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றால் காட்டிக் கேட்கலாம், நிரப்பித் தருவார்கள்.

நான் குடிக்க மாட்டேன். கூட வந்து சும்மா உட்காரலாமா?

தாராளமாக வாருங்கள். நான் அழைத்துப்போனவர்களில் மனதார ரசித்தவர்கள் என்று யோசித்தால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத அச்சக உரிமையாளர் ஒருவர்தான். கொப்பரை, பீப்பாய் ஏற்றும் சின்ன லிஃப்ட், அட்டையில் அச்சிட்டிருந்த இரண்டு வண்ணம், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். அட்டையின் தடிமனை விரல் இடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்து, இது தண்ணீர் குடிக்கிற மாதிரி மரக்கூழில் செய்தது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார்.

ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்ல' எங்கும் கிடைக்கும். தண்ணீர் கேட்டால் பாட்டில் தண்ணீர்தான் வரும், அதற்கும் காசு. மேலே சொன்ன மாதிரி கோபெஸ் ஒரு வார்த்தை கிண்டல் செய்யலாம். வற்புறுத்த மாட்டார். "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று வற்புறுத்துவது பெரும்பாலும் கூட வந்த நம் ஆட்கள்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மனைவியையும் கூட்டிட்டு வந்திருக்கேன். பொம்பளைங்க அங்க வரலாமா?

வரலாம். நம்மூர் டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று புரிகிறது. இங்கே இது குடும்பத்தோடு சாப்பிட வரும் இடம். ஞாயிறு மதியம் மூன்று தலைமுறையும் ஒரே மேஜையில் இருக்கும். தனியாக வந்து புத்தகம் படித்துக்கொண்டே ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போகும் பெண்களையும் பார்க்கலாம். வெள்ளி, சனி பின்னிரவைத் தவிர்க்கச் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும்.

கூடுதலாக ஒரு நிம்மதி: உள்ளே சிகரெட் புகை இருக்காது. இந்த மாநிலத்தில் 2013 மே மாதத்திலிருந்து உணவகத்துக்குள் புகைப்பது தடை. கழிப்பறைக் கதவில் ஜெர்மன் எழுத்து மட்டும் இருந்தால், டாமன் என்றால் பெண்கள், ஹெரன் என்றால் ஆண்கள்.

நான் சுத்த சைவம். பீர்ல ஏதாவது கலந்திருக்குமா? சாப்பிட என்ன கிடைக்கும்?

பீரைப் பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் தவிர வேறு எதுவும் சேர்ப்பதில்லை. 1516-ல் பவேரியாவில் போட்ட தூய்மைச் சட்டம் 1906-ல் ஜெர்மனி முழுவதற்கும் வந்தது. இந்தக் கடைகள் அதைப் பெருமையாகவே கடைப்பிடிக்கின்றன. கோதுமைப் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி, அதிலும் குளூட்டன் உண்டு.

சாப்பாட்டில்தான் சிரமம். முதலில் கேட்டுப் பார்க்கக்கூடியது ரைபெகூகன். உருளைக்கிழங்கைத் துருவித் தட்டிப் பொரித்த அடை, ஆப்பிள் கூழோடு தருவார்கள். பெரும்பாலும் முட்டை சேரும். எதில் பொரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள், சில இடங்களில் பன்றிக் கொழுப்பு. வறுத்த உருளைக்கிழங்கு என்று ஆசையாகக் கேட்டால் உள்ளே பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கும். இங்கே பலர் அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் "ஓன ஃப்ளைஷ்" (இறைச்சி இல்லாமல்) என்பதோடு நிறுத்தாமல் "ஓன ஷ்பெக்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷ்பெக் என்பது அந்தக் கொழுப்பு.

கறாரான சைவம் என்றால் வெளியே சாப்பிட்டுவிட்டு இங்கே குடிக்க மட்டும் வருவது மேல். ரயில் நிலையத்தைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு.

'பாதிக் கோழி'ன்னு ஆர்டர் பண்ணினேன், பன்னும் சீஸும் வந்துச்சு. மாத்தி வெச்சிட்டாங்களா?

இல்லை, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். 'ஹால்வ ஹான்' என்றால் சொல்லுக்குச் சொல் பாதிச் சேவல். ஆனால் இந்தப் பகுதியில் அது கம்பு ரொட்டி மாதிரிக் கருத்த ரை பன், மேலே தடிமனாக வெட்டிய கௌடா சீஸ், கடுகு, வெங்காயம். பெயருக்குப் பல கதை சொல்வார்கள். சைவர்களுக்கு இது நல்ல செய்தி.

பெயரை நம்பி ஏமாறக்கூடிய இன்னொன்று 'ஹிம்மெல் உன் எயர்ட்'. வானமும் மண்ணும் என்று பொருள். மரத்தில் காய்க்கும் ஆப்பிள் வானம், உருளைக்கிழங்கு மண். கேட்க அழகாக இருக்கும், ஆனால் மேலே வைத்திருப்பது பன்றி ரத்தத்தில் செய்த சாசேஜ். 'மெட்' என்று பன்னின்மேல் சிவப்பாகப் பூசி வெங்காயம் தூவியிருந்தால் அது பச்சைப் பன்றிக்கறிக் கொத்து, வேகவைக்காதது. தக்காளித் தொக்கு என்று நினைத்து வாயில் போட்டவர்கள் உண்டு.

மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன், பன்றிக்கறி ஓகே. எதைத் தவிர்க்கணும்?

சவர்பிராட்டென், அதாவது வினிகரில் ஊறவைத்துச் சமைத்த கறி, பெரும்பாலும் மாடு. இங்கே அது முன்பு குதிரைக்கறியில் செய்த பண்டம். ஃப்ரிகடெல்ல என்கிற கறி வடையில் இரண்டும் கலந்திருக்கும். ஹாக்ஸ (கால்), காஸ்லர் (உப்பிட்டுப் புகைபோட்ட கறி) இரண்டும் பன்றி. சந்தேகமாக இருந்தால் "ரிண்ட்?" என்று கேளுங்கள், மாடு என்று பொருள். பன்றிக்கறியும் வேண்டாதவர்கள் சைவக் கேள்விக்குச் சொன்ன பதிலையே பார்க்கவும்.

பில் எப்படி? கார்டு எடுப்பாங்களா? டிப்ஸ் எவ்வளவு?

ஒரு கிளாஸ் சுமார் 3 யூரோ. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கடையும் எல்லாக் கார்டையும் எடுப்பதில்லை. கோபெஸ் அட்டையிலுள்ள கோடுகளை எண்ணி அங்கேயே கணக்குச் சொல்வார். "ட்சுசாமென்" என்றால் மொத்தமாக, "கெட்ரென்ட்" என்றால் தனித்தனியாக.

டிப்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போவது வழக்கமில்லை. பணம் கொடுக்கும்போதே கூட்டிச் சொல்ல வேண்டும். 13.50 வந்தால் 20 யூரோத் தாளைக் கொடுத்து "15" என்றால் 5 திருப்பித் தருவார். சில்லறை வேண்டாம் என்றால் "ஷ்டிம்ட் சோ". ஐந்திலிருந்து பத்து சதவீதம் போதும்.

எத்தனை கிளாஸ் குடிக்கலாம்? லைட்டாத்தானே இருக்கு?

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நம்மூர் 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 52 மில்லி ஆல்கஹால். 250 மில்லி ஆல்ட் கிளாஸில் சுமார் 12 மில்லி. ஆக, நான்கு கிளாஸைத் தாண்டினால் ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை நெருங்கிவிட்டீர்கள். சின்னக் கிளாஸ் கணக்கை மறைத்துவிடும், அதனால்தான் அட்டைக் கோட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று பயணக் களைப்பு. கோடையில் இந்தியாவுக்கும் இங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. நவம்பரில் இங்கே இரவு 9 என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு ஒன்றரை. முதல் நாள் என்றால் இரண்டு கிளாஸோடு மூடி வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கலாம். விமானத்தில் சரியாகச் சாப்பிடாமல் நேரே இங்கே வந்து தலை சுற்றி உட்கார்ந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

கார் இல்ல, வாடகை இ-ஸ்கூட்டர்தான். ரெண்டு கிளாஸுக்கு அப்புறம் ஓட்டலாம்ல?

வேண்டாம். நிறையப் பேர் மாட்டுவது இதில்தான். ஜெர்மனியில் இ-ஸ்கூட்டர் மோட்டார் வாகனம், காருக்குள்ள மது வரம்பு அப்படியே அதற்கும் பொருந்தும். ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5. இருபத்தொரு வயதுக்குக் கீழே என்றால் பூஜ்யம். வரம்புக்குள் இருந்தாலும் தள்ளாடி ஓட்டி விபத்தானால் 0.3-லேயே வழக்கு வரும். பழைய நகரின் தெருக்கள் கருங்கல் பாவியவை, அந்தச் சின்னச் சக்கரம் சிக்கும். நடந்துபோய் ரயில் ஏறுங்கள்.

பையனுக்கு 17 வயசு. அவன் குடிச்சா சிக்கலா?

சட்டப்படி இங்கே 16 வயதில் பீர் குடிக்கலாம், சாராய வகைகளுக்கு 18. கடையில் சிக்கல் வராது. அனுமதிப்பதா என்பது உங்கள் வீட்டு முடிவு. பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும்.

ஜெர்மன் கிளையன்ட்டோட போறேன். என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது?

எல்லோருக்கும் கிளாஸ் வந்த பிறகுதான் முதல் வாய். "ப்ரோஸ்ட்" சொல்லிக் கிளாஸைத் தட்டும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். நாம் பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்திப் பழகியவர்கள், இங்கே அது அக்கறையின்மையாகத் தோன்றும்.

விலைப் பேச்சைக் கிளாஸ் வந்ததும் தொடங்காதீர்கள். அவர் எந்த ஊர், இங்கே எந்தக் கடை அவருக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். ஆளுக்கொரு கடைதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அந்தப் பேச்சிலேயே நெருக்கம் வந்துவிடும். அழைத்தவர் பில் கொடுப்பார். கையைப் பிடித்து இழுத்து நான்தான் கொடுப்பேன் என்று சண்டை போட வேண்டாம். "அடுத்த முறை என்னுடையது" என்றால் போதும்.

காய்ச்சுற இடத்தைப் பார்க்க விடுவாங்களா? போட்டோ எடுக்கலாமா?

ஊரிகெயில் கொப்பரைகளைக் குடிக்கும் இடத்திலிருந்தே பார்க்கலாம். உள்ளே சுற்றிக்காட்டுவதற்கு முன்பதிவு வேண்டும். கூட்டமில்லாத நேரத்தில் பீப்பாய் வைத்திருக்கும் மேடை அருகே நின்று கேட்டால் ஊற்றுபவரே இரண்டு வார்த்தை சொல்வார்.

கொப்பரை, கிளாஸ், சாப்பாடு எதை வேண்டுமானாலும் படம் எடுங்கள். மற்றவர்கள் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். ஜெர்மன்காரர்கள் இதில் மிகவும் கண்டிப்பு. வீடியோ காலில் வீட்டுக்குக் காட்டுவதும் இதில் சேர்த்தி.

ஊருக்கு ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போகலாமா? அந்தக் கிளாஸ் அழகா இருக்கு...

பாட்டில் விற்கிறார்கள். ஊரிகெயின் பாட்டிலுக்குக் கம்பிப் பிடியோடு பீங்கான் மூடி. கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் துணி சுற்றி வைக்க வேண்டும். இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு மது வகை எல்லாம் சேர்த்து 2 லிட்டர் வரை வரியில்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன், சென்னை வெயிலில் ஒரு வாரம் இருந்த ஆல்ட்டைத் திறந்தால் இங்கே குடித்த ருசி இருக்காது.

கிளாஸைப் பையில் போட்டுக்கொள்வது திருட்டு. கவுண்டரில் கேட்டால் விலைக்குத் தருவார்கள், அதிகம் இல்லை.

போன தடவை ஜனவரியில வந்தப்போ ரொம்ப ஸ்ட்ராங்கா வேற ஏதோ குடுத்தாங்க. இப்ப கேட்டா இல்லங்கிறாங்க. அது என்ன?

ஸ்டிக்கெ குடித்திருக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர். ஊரிகெயில் ஜனவரி, அக்டோபர் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மட்டும் ஊற்றும் பீர் அது. மால்ட்டும் ஹாப்ஸும் கூடுதல், 6 சதவீதம். உள்ளூர் வழக்கில் காதோடு காதாகச் சொல்வது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அந்தப் பெயர். முன்பு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்வார்களாம். ஷூமாகரில் இதேபோல லாட்சென்பீர், மார்ச், செப்டம்பர், நவம்பர் மூன்றாவது வியாழன். மெடிக்காவுக்கு வருகிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பொருந்தினாலும் பொருந்தும். முன்பு போட்ட கிளாஸ் கணக்கு அன்று செல்லாது, குறைத்துக்கொள்ள வேண்டும்.

கொலோன் பக்கத்துலதானே இருக்கு? அங்கயும் இதே மாதிரியா?

சுமார் 40 கிலோமீட்டர், ரயிலில் அரை மணிக்குள். அங்கேயும் கோபெஸ், அட்டை, கோடு எல்லாம் உண்டு. ஆனால் பீர் வேறு. கோல்ஷ் என்கிற வெளிர் மஞ்சள் பீர், மெலிந்த 200 மில்லி கிளாஸ். மேலே நுரைக்கும் ஈஸ்ட்தான் அதற்கும். அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்று 1986-ல் அந்த ஊர்க் காய்ச்சுபவர்கள் ஒப்பந்தமே செய்துகொண்டார்கள். மெல்லிய சுவை, கசப்பு குறைவு. முதன்முதலாகக் குடிப்பவர்களுக்கு அது சுலபம். என் ஓட்டு ஆல்ட்டுக்கு.

இரண்டு ஊருக்கும் பல தலைமுறைப் போட்டி. டுசெல்டார்ஃபில் உட்கார்ந்து கோல்ஷ் கேட்காதீர்கள், கொலோனில் ஆல்ட் கேட்காதீர்கள். கொலோனுக்குப் போகிறவர்கள் பெரிய தேவாலயத்தைப் பகலில் பார்த்துவிட்டு, 4 மணிக்குக் கடையில் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் ரயிலைப் பிடித்துவிடுங்கள். கண்காட்சி வாரத்தில் கடைசி ரயில்களில் நிற்கக்கூட இடம் இருக்காது.